மான்ஸ்டர்: அரக்கனா, பூதமா?

இளையோருக்கான மிகுபுனைவுக் கதைகளில் நெகிழிக் குப்பையிலிருந்து எழுவதும் எரியும் காட்டிலிருந்து புகையாய்க் கிளம்புவதுமான விசித்திர உயிர்கள் பெருகிவிட்டன. பினாங்கிலோ கோலாலம்பூரிலோ இப்படி ஒன்றைத் தமிழில் எழுத உட்கார்ந்தால், மான்ஸ்டர் என்பதற்குச் சட்டென்று கைக்கு வருவது 'அரக்கன்'. எனக்கு அதில் உடன்பாடில்லை.

மான்ஸ்டரின் மூலம் மோன்ஸ்ட்ரும் என்ற லத்தீன் சொல். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. வேர்வினை மோனேரே, அதாவது எச்சரித்தல். கன்றுக்குட்டி இரட்டைத் தலையோடு பிறந்தால் தெய்வம் ஏதோ சொல்லி அனுப்பியிருக்கிறது என்று ரோமானியர் கலங்கினார்கள். பயங்கர உருவம் என்ற பொருள் அப்புறம் வந்தது. பழைய பொருளுக்கு நம்மிடம் 'உற்பாதம்' உண்டு. ஆனால் அது நிகழ்வின் பெயர், கதைக்குள் நடமாடாது.

அரக்கன், ராட்சசன் இரண்டும் ஒரே வடசொல்லின் பிள்ளைகள். மலாய் ராக்சாசாவும் அந்தக் குடும்பம்தான். இன்று மலாயில் பெரிதாக இருக்கும் எதற்கும் அந்த அடைமொழி ஒட்டிக்கொள்கிறது. அரக்கன் வந்தால் ஒரு வீரன் வந்து கொல்ல வேண்டும், கதை முடிந்தது. 2015-லும் 2019-லும் நம் பள்ளிகளை மூடவைத்த புகைமூட்டத்தை எந்த வாளால் வெட்டுவது?

என் தேர்வு பூதம். இதுவும் வடசொல்தான், உண்டானது என்று பொருள். சங்கப் புலவரே வாங்கிக்கொண்ட சொல் என்பதால் நாம் கூச்சப்பட வேண்டியதில்லை. புறநானூற்றின் 2-ஆம் பாட்டு நிலம், விசும்பு, வளி, தீ, நீர் என்று அடுக்கி, 'ஐம்பெரும் பூதத்து இயற்கை போல' என்கிறது. இயற்கைக்கும் அச்சுறுத்தும் உருவுக்கும் ஒரே பெயர்! சூழல் பேசும் கதைக்கு இதைவிட என்ன வேண்டும்?

சிலப்பதிகாரத்தில் புகார் நகரச் சதுக்கப்பூதத்தை, அதாவது நாற்சந்தியில் இருக்கும் பூதத்தைப் பாருங்கள். போலித் துறவிகள், துரோகம் செய்யும் அமைச்சர், பொய்ச்சாட்சி சொல்பவர், புறங்கூறுபவர் எல்லாம் என் கயிற்றில் அகப்படுவார்கள் என்று நான்கு காதத்துக்குக் கேட்கும்படி கத்துகிறது. பிறகுதான் அடித்துத் தின்கிறது. முதலில் எச்சரிக்கை, அப்புறம் தண்டனை. மோனேரேயும் இங்கே வந்து சேர்ந்துவிட்டது.

ஒரு சிக்கல் உண்டு. பூதம் என்றதும் பிள்ளைகளுக்கு அலாவுதீன் விளக்கு நினைவுக்கு வரும். முன்னால் ஓர் அடை சேர்த்தால் சரியாகிவிடும்: புகைமூட்டத்துக்கு வளிப்பூதம், பினாங்கின் தஞ்சோங் தோக்கோங்கில் கடலைத் தூர்த்த நிலத்தடியிலிருந்து எழுவதற்கு நீர்ப்பூதம். எழுதும்போது 'வந்தான்' வேண்டாம். பூதம் அஃறிணை, 'வந்தது' என்றே முடியுங்கள்.