பெட்டிக்கு ஒரு வயது, பதக்கத்துக்கு ஒரு வயது

இரண்டாம் உலகப்போர்க் கால ஜெர்மன் பதக்கங்களை மதிப்பீட்டுக்குக் கொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் சொல்வது இது: "ஒரிஜினல் பெட்டியோட இருக்குங்க, அப்புறம் என்ன சந்தேகம்?" சந்தேகம் தொடங்குவதே அங்கேதான். பெட்டி இருந்தால் விலை ஏறும். அதனால் தனியாக நின்ற பதக்கத்துக்கு எங்கிருந்தோ ஒரு பெட்டி தேடிச் சேர்ப்பதும், புதிதாகவே ஒன்றைச் செய்து பழசாக்குவதும் இந்தச் சந்தையில் சாதாரணமாக நடக்கிறது. பதக்கத்தின் காலம் வேறு, பெட்டியின் காலம் வேறு என்று வைத்துக்கொண்டு பார்க்கத் தொடங்கினால் பாதி ஏமாற்றம் தவிரும்.

அதிகம் புழங்குவது இரும்புச் சிலுவை முதல் வகுப்பு என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். சிலுவையின் கீழ்க்கையில் 1939 என்று இருக்கும். பலர் இதைத் தயாரித்த ஆண்டு என்று நினைத்துவிடுகிறார்கள். 1939 செப்டம்பர் 1-ஆம் தேதி ஹிட்லர் இந்த விருதை மறுபடி நிறுவிய ஆண்டு அது. 1944-இல் அடித்த பதக்கத்திலும் 1939 தான். இன்னொன்றும் உண்டு. 1957 ஜூலையில் மேற்கு ஜெர்மனி கொண்டுவந்த சட்டம், போர்க்கால விருதுகளைச் சுவஸ்திகா இல்லாத வடிவில் மட்டும் அணியலாம் என்று அனுமதித்தது. அப்படிப் புதிதாகச் செய்த இரும்புச் சிலுவையில் நடுவே ஓக் இலைகள் இருக்கும். கீழே? அதே 1939. முன்னாள் படைவீரர்கள் இதை வாங்கினார்கள், கூடவே பெட்டியும் வந்தது. அந்தப் பெட்டிக்குள் பிறகு யாரோ ஒரு போர்க்காலச் சிலுவையை வைத்திருந்தால், இரண்டுமே நிஜம், ஜோடி மட்டும் பொய்.

தயாரிப்பாளர் பெயரும் தனியாகக் கைகொடுக்காது. லூடன்ஷைடு நகரத்து ஸ்டைன்ஹவர் உண்ட் லுக் நிறுவனம் போர்க்காலத்திலும் செய்தது, 1957 வடிவத்தையும் செய்தது.

சரி, எதைப் பார்ப்பது? முதலில் நான் தேடுவது எல்.டி.ஓ. முத்திரையை. ஜெர்மன் விருது உற்பத்தியாளர்களின் கூட்டமைப்பு அது, 1941-இல் ஏற்பட்டது. கடையில் விற்கும் பிரதிகளைக் கட்டுப்படுத்துவது அதன் வேலை. உறுப்பினர்களுக்கு 'எல்/' என்று தொடங்கும் எண்கள் கொடுத்தார்கள். அரசு நேரடியாக வழங்கும் விருதுகளுக்கு வேறு வரிசை, வெறும் எண் மட்டும். மேலே சொன்ன நிறுவனத்துக்குக் கடைப் பிரதியில் எல்/16, அரசு வழங்கலில் 4. ஆக, எல்.டி.ஓ. முத்திரை உள்ள பெட்டி 1940 பிரான்ஸ் படையெடுப்பின்போது ஒரு சிப்பாய் கையில் கொடுக்கப்பட்டிருக்க முடியாது. 1940 ஜூன் தேதியிட்ட விருதுச் சான்றிதழோடு அப்படி ஒரு பெட்டி வந்தால் உடனே போலி என்று தூக்கிப் போடவும் வேண்டாம். விருது பெற்றவர்கள் பின்னாளில் கடையில் இரண்டாவது பிரதி வாங்குவது அன்று சகஜம். "அன்று மேடையில் வழங்கிய அதே பெட்டி" என்று விற்பவர் சொன்னால் மட்டும் அந்தப் பேச்சை ஏற்காதீர்கள்.

அடுத்தது பொருள்கள். போர்க்கால முதல் வகுப்புப் பெட்டியின் வழக்கமான தோற்றம்: வெளியே தோல் போலச் சொரசொரப்பூட்டிய கருப்புத் தாள், மூடியில் வெள்ளி நிறத்தில் சிலுவையின் கோட்டுருவம், மூடிக்குள் வெள்ளை சாட்டின், அடியில் வெளிர் நிற வெல்வெட் அல்லது பசைமேல் நுண்ணிழைத் தூளைத் தூவி ஒட்டிய தளம். சிலுவையின் பின்பக்கக் குத்தூசி உட்காரத் தளத்தில் ஒரு பள்ளமோ கீறலோ இருக்கும். சிலுவையை எடுத்துவிட்டு அந்தத் தளத்தைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள். பல பத்தாண்டுகள் ஒரே பதக்கம் கிடந்திருந்தால் நான்கு கைகளின் ஓரம் பட்ட இடத்தில் இழைகள் படுத்திருக்கும், உலோகம் தொட்ட இடத்தில் கறை ஏறியிருக்கும். மறுபடி சிலுவையை வைத்தால் ஓரமும் கறையும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்த வேண்டும். வட்டமான அழுத்தத் தடத்தின்மேல் சிலுவை கிடந்தால் அந்தப் பெட்டியில் முன்பு வேறு ஏதோ இருந்திருக்கிறது. வெளிப்புறம் தேய்ந்து, தளம் மட்டும் நேற்று தூவியதுபோல் நிமிர்ந்திருந்தால், உள்பகுதி மாற்றப்பட்டதா என்று ஓரத்துப் பசையைப் பாருங்கள்.

இருட்டறையில் புற ஊதா விளக்கு அடிப்பது எளிய சோதனை. துணிக்கும் தாளுக்கும் வெண்மை கூட்டும் ஒளிர்வு வேதிப்பொருள்கள் போருக்குப் பிறகுதான் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தன. சாட்டின் முழுவதும் பளீரென்று நீல வெண்மையில் ஒளிர்ந்தால் அது பிற்காலத் துணியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் யாராவது சோப்புத் தண்ணீரில் துடைத்திருந்தாலும் ஒளிரும், சட்டையிலிருந்து உதிர்ந்த நூல் தூசியும் ஒளிரும். புள்ளிபுள்ளியாக ஒளிர்வதையும் சீராக ஒளிர்வதையும் பிரித்துப் பாருங்கள். ஒளிரவில்லை என்பதும் சான்று ஆகாது, ஏனென்றால் இன்று போலி செய்கிறவர்கள் ஒளிராத துணியைத் தேடி வாங்குகிறார்கள். அதைவிட உறுதியான சோதனை உருப்பெருக்கியில் இழையை அடையாளம் காண்பது. பாலியஸ்டர் இழைக்குப் பிரிட்டனில் 1941-இல்தான் காப்புரிமை கோரினார்கள், விற்பனைக்கு வந்ததே போருக்குப் பிறகு. பெட்டியின் ஆதித் தையலில் பாலியஸ்டர் நூல் இருந்தால் விவாதம் முடிந்தது.

இரண்டாம் வகுப்புச் சிலுவை பெரும்பாலும் அச்சிட்ட காகித உறையில்தான் வழங்கப்பட்டது. அழகான பெட்டியில் இரண்டாம் வகுப்பு வந்தால் கூடுதலாக இரண்டு கேள்வி கேட்பேன். உறைகளைக் குப்பை என்று வீசிவிட்டுப் பெட்டி வாங்கிச் சேர்க்கும் சேகரிப்பாளர்களைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது. அந்தக் கசங்கிய தாள்தான் அங்கே நிஜமான ஆவணம்.

இணையத்தில் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. ஜெர்மனியில் சுவஸ்திகாவைப் பொதுவில் காட்டுவது குற்றவியல் சட்டம் 86அ பிரிவின் கீழ் வரும் என்பதால், படங்களில் நடுப்பகுதியை மறைத்தே போடுவார்கள். ஆய்வுக்கும் கல்விக்கும் விலக்கு உண்டு, ஆனாலும் எச்சரிக்கையாகவே இருப்பார்கள். மறைப்பு இருப்பதாலேயே அடியில் சுவஸ்திகா இருக்கிறது என்று ஆகிவிடாது. 1957 வடிவத்தின் ஓக் இலையையும் அதே ஸ்டிக்கர் மறைக்கும். பின்பக்கப் படம், குத்தூசியின் முத்திரை, காலிப் பெட்டியின் தளம், மூடியின் உட்பக்கம் இத்தனையும் கேளுங்கள். காலிப் பெட்டியைப் படம் எடுத்துத் தர மறுப்பவரிடம் நான் வாங்கச் சொல்வதில்லை.

இது லட்சக்கணக்கானோரைக் கொன்ற ஓர் அரசின் அடையாளம் சுமந்த பொருள், இதன் காலத்தைக் கணிப்பதில் இவ்வளவு கவலை எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். அதனால்தான் கவலை. போலிப் பெட்டியோடு ஒரு போலிக் கதையும் சேர்ந்தே விற்கப்படுகிறது. இன்னார் இந்தப் போர்முனையில் இருந்தார், இந்தப் படையில் இருந்தார் என்று நடக்காத ஒன்று காகிதத்தில் ஏறிவிடுகிறது, அடுத்து வாங்குபவர் அதை வரலாறு என்று எடுத்துச் சொல்கிறார். இறந்தவர்களைப் பற்றிய பொய் அது.

உங்கள் கையில் ஏற்கெனவே பெட்டி இருந்தால் துடைக்காதீர்கள், பசை வைத்து ஒட்டாதீர்கள், துருவைச் சுரண்டாதீர்கள். இருக்கிற நிலையில் படம் எடுங்கள், யாரிடம் எப்போது வாங்கினீர்கள் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். பொருந்தாத ஜோடி என்று தெரிந்தாலும் பிரித்து விற்கும்முன் அதையும் அந்தத் தாளில் எழுதிவிடுங்கள்.