கிரகணத்துக்கு முன்பே முடிந்த கதை

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். ஐந்தாம் மாத ஸ்கேனில் குழந்தைக்கு ஒரு கிட்னிதான் தெரிகிறதாம். "நாலாம் மாசம் கிரகணத்தப்போ மொட்டைமாடிக்குப் போனதாலதான்னு மாமியார் தினமும் சொல்றாங்க. நெஜமா சார்?"

இல்லம்மா. சிறுநீரகம் தொடங்குவது கரு உருவான ஐந்தாவது வாரத்தில். நாள் தள்ளிப்போய் இரண்டு மூன்று வாரம்தான் ஆகியிருக்கும். கரு மிளகைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவே.

அதன் பின்பகுதியில் ஒரு மெல்லிய குழாய், பக்கத்திலேயே ஒரு செல் குவியல். குவியல் ஜி.டி.என்.எஃப் என்ற புரதத்தைச் சுரக்கிறது. குழாயின் செல்களில் அதைப் பிடித்துக்கொள்ள 'ரெட்' என்ற ஏற்பி இருக்கிறது. பிடித்ததும் குழாயில் ஒரு மொட்டு கிளம்பி, குவியலைத் தேடிப் போய் உள்ளே நுழைகிறது. இப்போது மொட்டின் முறை. அது அனுப்பும் சமிக்ஞைகள் கிடைத்தால்தான் குவியல் பிழைத்து, ரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய அமைப்புகளான நெஃப்ரான்களாக மாறும், கிடைக்காவிட்டால் மடிந்துவிடும். பிழைத்த குவியல் மறுபடி சுரக்க, மொட்டு இரண்டாகக் கிளைக்கிறது, அப்புறம் நான்காக, எட்டாக. பிரசவத்துக்குச் சில வாரம் முன்பு ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து லட்சம் நெஃப்ரான்கள் தயார். மேஸ்திரி என்று யாரும் இல்லை. இரண்டு திசுக்கள் கேட்டும் சொல்லியுமே கட்டி முடிக்கின்றன. எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது.

1996இல் சுண்டெலிகளில் அந்த ஜி.டி.என்.எஃப் மரபணுவை நீக்கிப் பார்த்தார்கள். குட்டிகள் சிறுநீரகமே இல்லாமல் பிறந்தன.

மனிதர்களில் பாக்ஸ்2, ஹெச்.என்.எஃப்1பி போன்ற மரபணுக்களின் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதானாலே சிறுநீரகம் வளராமல் போகலாம். முன்னது கண்ணையும் பாதிக்கலாம், பின்னது இளவயதிலேயே சர்க்கரை நோயைக் கொண்டுவரலாம். ஆனால் அதே பழுது உள்ள அப்பாவுக்கு இரண்டு கிட்னியும் நன்றாக இருக்கலாம். ஏன், இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே மரபணுக்கள்தானே, ஒரு பக்கம் மட்டும் ஏன் வளரவில்லை? மொட்டு கிளம்பும் நேரமும் இடமும் துளி பிசகினாலும் போதும். பலருக்கு எந்த மரபணு என்றே கண்டுபிடிக்க முடிவதில்லை. மரபணுப் பரிசோதனைக்கு வட சென்னைக் குடும்பங்கள் கடன் வாங்கும் நிலை மாற வேண்டும். அரசு இதற்குப் பணம் ஒதுக்கியே ஆக வேண்டும்.

இருக்கிற ஒரு சிறுநீரகம் பெரும்பாலும் வழக்கத்தைவிடப் பெரிதாக வளர்ந்து வேலையைப் பார்த்துக்கொள்ளும். பிறந்த பிறகு ஸ்கேன், அப்புறம் வருடா வருடம் ரத்த அழுத்தமும் சிறுநீரில் புரதமும் பார்த்தால் சரி. நீங்களும் கணவரும் ஒருமுறை வயிற்று ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கிட்னியோடு, அது தெரியாமலே, முழு வாழ்க்கை வாழ்ந்தவர்கள் நிறையப் பேர். மாமியாரையும் கூட அழைத்துப் போங்கள்.