கூலர் குழாய்க்குள்ள என்னதான் இருக்கு?

மலேசியாவுல சுங்கை சிப்புட்ல எங்க தாமான் (குடியிருப்பு) பக்கத்து வீட்டுத் தம்பி போன வாரம் கம்ப்யூட்டர் சிப்போட சூட்ட இறக்குற ஏர் கூலர் வாங்கிட்டு வந்தான், கடையில மாட்டித் தர முப்பது வெள்ளி (ரிங்கிட்) கேட்டாங்களாம், நேரா எங்க வீட்டுக்கு வந்துட்டான். பெட்டியப் பிரிச்சதும் முதல் கேள்வி: "அண்ணே, இந்தச் செம்புக் குழாய் உள்ள கெட்டியா, காலியா?"

நல்ல கேள்வி லா. மாட்டுற கதைய முதல்ல சட்டுனு முடிச்சிடுறேன். அடியில ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக் தாள உரிச்சிடணும், நிறைய பேர் மறந்துடுவாங்க, அப்புறம் சூடு 100 டிகிரி பக்கம் போயி சிப்பு தானா வேகத்தக் குறைச்சுக்கும். சிப்பு நடுவுல பட்டாணி அளவு சூடு கடத்துற பேஸ்ட். சிப்பு மூடியும் கூலர் அடியும் வழவழன்னு தெரிஞ்சாலும் பொடிப்பொடியா மேடு பள்ளம் இருக்கு, அதுல காத்து நிக்கும், காத்து சூட்டக் கடத்துறதுல மகா சோம்பேறி, அந்தச் சந்த அடைக்கத்தான் பேஸ்ட்டு, ரொட்டிக்குக் காயா ஜாம் தடவுற மாதிரி அப்பக்கூடாது. ஸ்க்ரூவ மூலைக்கு மூலை மாத்தி மாத்தி இறுக்கணும், ஃபேன் காத்து கேஸுக்கு, அதான் கம்ப்யூட்டர் பெட்டிக்கு, பின்பக்கம் போகணும், வயர சிபியு ஃபேன்னு போட்டிருக்கிற இடத்துல சொருகணும். அவ்ளோதான்.

இப்ப குழாய், ஹீட் பைப்னு சொல்வாங்க. பழைய கூலர் ஒன்ன நான் ஒரு தடவ ஆக்ஸா பிளேடு வச்சு அறுத்துப் பாத்திருக்கேன். தண்ணி கொட்டும்னு கீழ துணியெல்லாம் விரிச்சேன், ஒரு சொட்டு விழல. நடுவுல காலி, உள்சுவர் முழுக்க நாட்டுச் சக்கர ஒட்டின மாதிரி சொரசொரன்னு செம்புத் துகள்.

அந்தச் சொரசொரப்புதான் விஷயமே. காத்த உறிஞ்சிட்டு ஒரு ஸ்பூன்கூட வராத தண்ணிய விட்டு ரெண்டு முனையையும் அடைச்சிடுறாங்க. உள்ள காத்தே இல்லாததால 40 டிகிரியிலயே தண்ணி கொதிக்கும், அப்ப உள்ள அழுத்தம் வெளிய இருக்கிறதுல சுமார் 14ல ஒரு பங்குதான். சிப்புப் பக்கம் ஆவியாகி, ஃபேன் அடிக்கிற தகட்டுப் பக்கம் பாஞ்சு போயி அங்க குளுந்து திரும்பத் தண்ணியாகுது. இட்லிச் சட்டி மூடியத் தொறந்தா உள்பக்கம் முத்து முத்தா நிக்குமே, அதேதான். ஒரு கிராம் தண்ணிய ஒரு டிகிரி ஏத்த 4.2 ஜூல் போதும், ஆவியாக்கணும்னா 2,400 ஜூல் கிட்ட வேணும், அம்புட்டையும் சுமந்துட்டுப் போயி அந்தப் பக்கம் இறக்கி வச்சிடுது. 100 வாட் சிப்புன்னா 24 விநாடிக்கு ஒரு கிராம் ஆவியானாலே போதும், கணக்குப் போட்டுப் பாருங்க!

"சரிண்ணே, கேஸ நிமித்தி வச்சா குழாய் படுத்துல்ல கெடக்கும், தண்ணி எப்படித் திரும்பி வரும்?"

தோட்டத்து லைன் வீட்ல ராத்திரி கரண்டு நின்னதும் மண்ணெண்ண விளக்குதான் எங்களுக்கு. எண்ண கீழ, சுடர் மேல, யாரு மோட்டார் வச்சா? திரி நூலுக்கு நடுவுல இருக்கிற சந்துல தானா ஏறும். செம்புத் துகளும் திரிதான், எரிஞ்சு தீராத திரி. சிப்புப் பக்கம் காயக் காய தண்ணிய இழுத்துக்கிட்டே இருக்கும். பத்து தடவ சொன்னாலும் எனக்கு அலுக்காது.

1944லயே கௌக்லர்னு ஒரு அமெரிக்கர் இதுக்குப் பேட்டண்ட் வாங்கிட்டாரு, சீண்டுவார் இல்ல. 1963ல லாஸ் அலமோஸ் ஆராய்ச்சிக்கூடத்துல ஜார்ஜ் குரோவர், விண்வெளிக்கு மின்சாரம் தயாரிக்கிற வேலையில இருந்தப்ப, தனியா இதையே கண்டுபிடிச்சாரு. விண்வெளிக்குக் கொட்டுற காசு சோத்துக்கு ஆகுமான்னு கேக்கிறவங்க இந்தத் தம்பி மேசைக்குக் கீழ குனிஞ்சு பாக்கட்டும்.

மாட்டி முடிச்சு அவன் வீட்ல கொண்டுபோய் வச்சோம். கொஞ்ச நேரத்துல அவங்கம்மா கண்ணு படக்கூடாதுன்னு எலுமிச்சம்பழத்த எடுத்துட்டு வந்து கேஸுக்கு மேல, சூடு வெளிய போற ஓட்டையிலயே கச்சிதமா வச்சாங்க. நான் ஒண்ணும் சொல்லாம பக்கத்து ஸ்பீக்கர் மேல நகத்தி வச்சேன். கேம் ஓடும்போது சிப்பு சூடு முன்ன 90 தாண்டும், இப்ப 71ல நிக்குது. ரூமே 33 டிகிரி, எந்த ஃபேனும் ரூம் சூட்டுக்குக் கீழ இறக்காது.

"அப்ப ஏர்கோன் போட்டு 23ல வச்சா?"

"61 கிட்ட வரும்டா. கரண்டு பில்லு யார் கட்டுறதுன்னு அம்மாகிட்ட நீயே கேட்டுக்க."