கணினி தொடங்காது, எழும்

போன மாதம் ஒரு காலை, ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி (எழுத்தர்) ஒருவர் என்னைக் கைப்பேசியில் அழைத்தார். “தம்பி, கணினி தொடங்கவில்லை” என்றார், புத்தகத் தமிழில். முதல் நாள் இரவு மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் நல்ல இடி. இடி இடித்த மறுநாள் இப்படி ஓர் அழைப்பு வந்தால் என் கை தானாகப் பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளை பக்கம்தான் போகும். ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு செம்பனைக் காட்டு வழியே மோட்டார் சைக்கிளில் அரை மணி நேரம் போனேன். போய்ப் பார்த்தால் பெட்டியில் விளக்கு எரிகிறது, காற்றாடி சுற்றுகிறது, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு செய்தி: வட்டுகளை எடுத்துவிட்டு ஏதாவது ஒரு விசையை அழுத்து. முன்பக்கத்தில் பேரப்பிள்ளை திருவிழாப் படங்கள் போட்டுக் கொடுத்த பென்டிரைவ் செருகியபடியே இருந்தது. பழைய கணினி, யூஎஸ்பியை முதலில் பார்க்கும்படி யாரோ அமைத்து வைத்திருந்தார்கள். அது பென்டிரைவில் விண்டோஸ் போன்ற இயங்குதளத்தைத் தேடியிருக்கிறது, கிடைக்கவில்லை, அங்கேயே நின்றுவிட்டது. பென்டிரைவைப் பிடுங்கி ஒரு விசையைத் தட்டினேன், சரியாகிவிட்டது. கொண்டுபோன பவர் சப்ளை பையை விட்டு வெளியே வரவே இல்லை.

கிராணி ஐயா மேல் தப்பே கிடையாது. முதியவர்களுக்கான ஒரு கணினி வகுப்பில் கொடுத்த தமிழ்க் கையேட்டை மேசை மேலேயே வைத்திருக்கிறார். அதில், கணினி இயங்குநிலைக்கு வருவதைக் குறிக்கும் ‘பூட்’ என்ற ஆங்கிலச் சொல் வரவேண்டிய இடமெல்லாம் ‘தொடக்கம்’ என்றுதான் போட்டிருக்கிறது. தொடக்க வட்டு, தொடக்க வரிசை, தொடக்கப் பிழை, மறுதொடக்கம். அவர் படித்ததை அப்படியே சொன்னார். அந்தச் சொல் என்னை வேறு ஒரு கோளாறுக்கு அனுப்பிவிட்டது. இது முதல் தடவையும் இல்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

அப்படியானால் பூட் என்றே சொல்லிவிட்டுப் போகலாமே என்பார்கள். அன்றைக்கு நான் அப்படித்தான் சொன்னேன். “பூட் ஆகல பாட்டி, அவ்வளவுதான்” என்றதும், உள்ளேயிருந்து தேத்தண்ணி கொண்டுவந்த அவர் மனைவி, “யாருப்பா பூட்டுனா? சாவி இல்லாம எப்படித் திறப்ப?” என்று கேட்டார். தமிழ்க் காதில் பூட் என்று விழுந்தால் பூட்டு ஞாபகம்தான் வரும், அதுவும் திறக்காத ஒரு பெட்டியைப் பற்றிப் பேசும்போது. போதாததற்கு நம் ஊரில் காடியின், அதாவது காரின், பின்பக்கச் சாமான் அறைக்கும் பூட் என்றுதான் பெயர்.

சரி, அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பூட் என்பது பூட்ஸ்டிராப் என்பதன் குறுக்கம். உயரமான காலணியின் பின்புறத்தில், இழுத்து மாட்டுவதற்காகத் தைத்திருக்கும் பட்டைக்கு அந்தப் பெயர். அந்தப் பட்டையைப் பிடித்துத் தன்னைத்தானே தூக்கிக்கொள்வது என்பது 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் நடக்கவே முடியாத காரியத்துக்குச் சொன்ன உவமை. 1950களின் தொடக்கத்தில் கணினிக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள், ஏனென்றால் அவர்களுக்கும் அதே சிக்கல். மின்சாரம் போட்டவுடன் கணினியின் நினைவகம் வெறுமையாக இருக்கிறது. நிரலை உள்ளே ஏற்றவேண்டும் என்றால் ஏற்றுவதற்கே ஒரு நிரல் வேண்டும், அந்த நிரலை யார் ஏற்றுவது? 1975இல் வந்த ஆல்டேர் 8800 கணினியில் மனிதர்தான் ஏற்றினார், முன்பக்கத்து விசைகளை ஒவ்வொன்றாக மேலும் கீழும் தட்டி. பிறகு அந்தச் சிறு நிரலை அழியாத ஒரு சில்லில் எழுதி வைத்தார்கள். 1981இல் வந்த ஐபிஎம் பிசியில் அதற்குப் பெயர் பயாஸ். அது வட்டின் முதல் 512 பைட்டைப் படிக்கும், அதில் நிரலுக்கு என்று வழக்கமாக 446 பைட்தான் உண்டு, அந்தத் துளி நிரல் தன்னைவிடப் பெரிய நிரலை இழுத்துவரும், அது இயங்குதளத்தை இழுத்துவரும். இன்றைக்கு பயாஸ் இருந்த இடத்தில் யூஇஎஃப்ஐ இருக்கிறது, வழிமுறை கொஞ்சம் மாறிவிட்டது, ஆனாலும் சிறியது பெரியதைக் கொண்டுவருகிற கதை அப்படியே இருக்கிறது.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது கஷ்டமே இல்லை. விடியுமுன் மணி அடிக்கும், அது மின்சாரம். ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் மண்டோர் என்ற மேற்பார்வையாளர் பெயர் கூப்பிடுவார், வந்தவர்கள் குரல் கொடுப்பார்கள். கணினியும் அதேபோல் நினைவகம் இருக்கிறதா, திரை அட்டை இருக்கிறதா, விசைப்பலகை இருக்கிறதா என்று பெரட்டு வாங்கும். குரல் கொடுக்கவேண்டிய நினைவக அட்டை கொடுக்கவில்லை என்றால் பீப் பீப் என்று கத்தும். அப்புறம்தான் இன்னார் இந்த ரப்பர் மர நிரைக்குப் போ என்று சொல்லி ஆட்களைக் காட்டுக்கு அனுப்புவார்கள். மணி அடித்ததிலிருந்து முதல் மரத்தில் உளி படுகிறவரை நடக்கிற அத்தனையும் சேர்ந்ததுதான் பூட். மணி அடித்தது மட்டும் பூட் இல்லை, பால் வெட்டுவதும் பூட் இல்லை.

இப்போது ‘தொடக்கம்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். எனக்கு அதன் மேல் இரண்டு புகார். முதலாவது, தமிழில் எது தொடங்கும்? மழை தொடங்கும், பள்ளித் தவணை தொடங்கும், தைப்பூசத்துக்கு விரதம் தொடங்கும், சண்டை தொடங்கும். நான் மேலே 1950களின் தொடக்கத்தில் என்று எழுதினேன், அதுவும் சரியான தமிழ். நிகழ்ச்சிக்கும் காலத்துக்கும் தொடக்கம் உண்டு. பொருளுக்குத் தொடக்கம் கிடையாது. காலையில் காடி கிளம்பாவிட்டால் “காடி தொடங்கவில்லை” என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? மாடு தொடங்கவில்லை, அடுப்பு தொடங்கவில்லை என்று சொல்வோமா? ஆளைப் பற்றியோ பொருளைப் பற்றியோ சொல்லும்போது கூட ஒரு வினை வேண்டும்: அவன் பேசத் தொடங்கினான், கூரை ஒழுகத் தொடங்கியது. “கணினி தொடங்கியது” என்று மொட்டையாகச் சொன்னால், என்ன செய்யத் தொடங்கியது என்று தமிழ்க் காது காத்துக்கொண்டே இருக்கும். ஆங்கிலத்தில் ‘ஸ்டார்ட்’ என்ற ஒரே சொல் மழைக்கும் காடிக்கும் ஓடும். அகராதியில் ஸ்டார்ட்டுக்கு நேரே தொடங்கு என்று இருப்பதைப் பார்த்து, அது தமிழிலும் இரண்டுக்கும் ஓடும் என்று நம்பிவிட்டார்கள்.

இரண்டாவது புகார் இதைவிடப் பெரியது, ஏனென்றால் அது என்னை அரை மணி நேரம் வெயிலில் அனுப்பியது. வீட்டில் ஒரு கணினி வேலை செய்யவில்லை என்றால் அது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று கண்டுபிடிப்பதில்தான் பாதி வைத்தியம் இருக்கிறது. விளக்கே எரியவில்லையா? சுவர்ப் பிளக்கு, கம்பி, பவர் சப்ளை என்று பார்க்கவேண்டும். விளக்கு எரிந்து பீப் கேட்கிறதா? நினைவக அட்டையைக் கழற்றி, அதன் பித்தளை நிறப் பற்களை அழிரப்பரால் மெதுவாகத் துடைத்து மறுபடி அழுத்திப் பொருத்தினால் பல சமயம் சரியாகிவிடும். பெரட்டெல்லாம் முடிந்து, வட்டு கிடைக்கவில்லை என்கிறதா? செருகியிருக்கும் பென்டிரைவ், தளர்ந்துபோன வட்டுக் கம்பி, எந்த வட்டை முதலில் பார்ப்பது என்ற வரிசை. இயங்குதளத்தின் சின்னம் வந்தபிறகு சுற்றிக்கொண்டே இருக்கிறதா? அது வேறு கதை. இந்த நான்கையும் ‘தொடங்கவில்லை’ என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டினால் எதிர்முனையில் இருப்பவன் என்ன கருவியை எடுத்துக்கொண்டு வருவான்? மொழிபெயர்ப்பாளர் ‘பவர் ஆன்’ என்பதற்கும் தொடங்கு என்கிறார், ‘பூட்’ என்பதற்கும் தொடங்கு என்கிறார், ஒரு செயலியைத் திறப்பதற்கும் தொடங்கு என்கிறார். ஆங்கிலத்தில் மூன்று சொல்லாக இருந்தது தமிழுக்கு வரும்போது ஒன்றாகச் சுருங்கிவிட்டது. தமிழ் வறுமைப்பட்ட மொழி என்று படிக்கிற பிள்ளை நினைப்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்!

சிலர் ‘துவக்கம்’, ‘துவக்கு’ என்று எழுதுகிறார்கள், அது இன்னும் மோசம். மேலே சொன்ன இரண்டு குறையும் அதில் அப்படியே உண்டு, கூடவே இன்னொன்றும் உண்டு. நம் நாட்டில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பங்கள் எத்தனையோ இருக்கின்றன. அவர்களுடைய தமிழில் துவக்கு என்றால் துப்பாக்கி. ‘துவக்கு வட்டைச் செருகவும்’ என்று ஒரு கையேட்டில் கண்டால் அந்த வீட்டுப் பெரியவர் என்ன நினைப்பார்?

‘தன்னேற்றம்’ என்று ஒரு நண்பர் சொல்லிப் பார்த்தார். அதில் சிந்தனை இருக்கிறது, பூட்ஸ்டிராப்பின் கருத்தைப் பிடித்திருக்கிறார், அதற்காக மதிக்கிறேன். ஆனால் பாட்டியிடம் போய் “கணினி தன்னேற்றம் ஆகவில்லை” என்று சொல்ல முடியுமா? ‘ஆகவில்லை’ என்ற வாலைச் சேர்க்காமல் நிற்காத சொல் வாயில் தங்காது. வினையாக நடக்காத கலைச்சொல் அகராதியிலேயே படுத்துக் கிடக்கும்.

எனக்குச் சரியாகப் படுவது எழு என்ற சொல். கணினி எழுகிறது, கணினி எழவில்லை. காலணிப் பட்டையைப் பிடித்துத் தன்னைத் தூக்கிக்கொள்வது என்ற மூலக் கருத்து காலணியே இல்லாமல் அதில் வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் கணினி தானே பூட் ஆவதற்கும் நாம் அதை பூட் செய்வதற்கும் ஒரே சொல், நமக்கோ தன்வினை எழு, பிறவினை எழுப்பு என்று இரண்டும் கையிலேயே இருக்கின்றன, எதையும் புதிதாகச் செய்யவேண்டியதில்லை. எழுப்பும் சிறு நிரல் எழுப்பி, எழுப்பு வட்டு, எழுப்பு வரிசை, மறுபடி எழுப்பு. மார்கழி மாதம் தோட்டத்துக் கோயிலில் பள்ளியெழுச்சி பாடிய யாருக்கும் இந்தச் சொல்லை விளக்கத் தேவையில்லை. நம் மலாய் நண்பர்கள் இயந்திரம் ஓடாவிட்டால் “எஞ்சின் தாக் ஹிடுப்” என்கிறார்கள், எஞ்சினுக்கு உயிர் வரவில்லை என்று. அவர்களுக்கு அவர்கள் வீட்டுச் சொல் போதுமானதாக இருக்கிறது.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. கணினியை உறங்க வைத்துவிட்டுத் திரும்ப வருகிறோமே, அதையும் எழுப்புவது என்றுதானே சொல்வோம், இரண்டும் குழம்பாதா? குழம்பும், ஒரே சொல்லைப் போட்டால். உறக்கத்திலிருந்து வருவதற்கு விழி என்ற சொல் இருக்கிறது. உறங்கும் கணினியின் நினைவகத்தில் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும், அது கண்ணைத் திறந்தால் போதும். அணைந்த கணினி ஒன்றுமில்லாத நிலையிலிருந்து நிமிரவேண்டும். காலையில் நாமும் விழித்துக்கொண்டே அரை மணி நேரம் படுத்திருக்கிறோம், எழுவது அப்புறம்தான்.

கணினித் தமிழ் நமக்குப் புதிதில்லை. முத்து நெடுமாறன் கணினியில் தமிழ் எழுத உதவும் முரசு மென்பொருளை இந்த நாட்டில்தான் 1985இல் உருவாக்கினார், 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில்தான் நடந்தது. அப்படிப்பட்ட இடத்தில் மொழிபெயர்ப்பவர்கள் ஒரு பழைய கணினியின் மூடியைத் திறந்து, பொத்தானை அழுத்தி, என்ன நடக்கிறது என்று ஒரு முறை பார்த்துவிட்டுச் சொல்லைத் தேடக்கூடாதா? ஆங்கிலச் சொல்லை மட்டும் பார்த்து எழுதினால் ஆங்கிலம் தெரிந்தவனுக்குத்தான் அது புரியும், அவனுக்கோ தமிழ்க் கையேடே தேவையில்லை.

அன்றைக்குத் தேத்தண்ணி குடித்துக்கொண்டே கிராணி ஐயாவிடம் இதையெல்லாம் சொன்னேன். கையேட்டை எடுத்து, கணக்குப் புத்தகத்தில் எழுதிப் பழகிய அந்த மணியான கையெழுத்தில், ‘தொடக்கம்’ என்று இருந்த இடங்களை ஒவ்வொன்றாக அடித்து மேலே ‘எழு’, ‘எழுப்பு’ என்று எழுதினார். நேற்று மறுபடி அழைத்தார். “தம்பி, விளக்கு எரியுது, காற்றாடி சுத்துது, எழத்தான் மாட்டேங்குது. தேதி வேற பழைய வருஷம் காட்டுது” என்றார். பவர் சப்ளையை எடுக்கவில்லை. தேதியையும் எழுப்பு வரிசையையும் கணினிக்கு மறக்காமல் வைத்திருக்கும் சி.ஆர். 2032 பேட்டரி ஒன்றை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.