வேலியில் எக்ஸ் போட்டிருக்கும் சிலந்தியை அடிக்க வேண்டாம்

மாரி மழை விட்டதும் யாழ்ப்பாணத்து வளவுகளில், செவ்வரத்தைக்கும் கிளுவை வேலிக்கும் இடையில் வட்ட வலைகள் கூடிவிடும். நடுவில் தடித்த வெள்ளை இழையால் எக்ஸ் போட்டிருந்தால் அது ஆர்ஜியோப் என்ற சிலந்திப் பேரினத்தின் வேலை. இலங்கையில் காணப்படும் ஆர்ஜியோப் அனசூஜாவில் பெண்ணின் உடல் 8 முதல் 12 மில்லிமீற்றர். முதுகில் மஞ்சளும் வெள்ளையும் கபிலமுமாகக் குறுக்குப் பட்டைகள். தலைகீழாக இருந்து, எட்டுக் கால்களையும் இரண்டிரண்டாகச் சேர்த்து நீட்டும். நாலு கால்தான் என்று வாதாடுபவர்களும் உண்டு. ஆண் 4 மில்லிமீற்றர் அளவே. ஓரத்தில் நிற்கும் அதைக் குஞ்சு என்று நினைத்துவிடுவார்கள்.

எக்ஸின் நான்கு கைகளும் எப்போதும் இருக்காது. ஒன்றிரண்டோடு விட்டுவிடும், சிலவேளை போடவே போடாது. குஞ்சுகள் வட்டத் தட்டாக நெய்யும். ஆகவே குறியை விடக் கால் வைத்திருக்கும் விதத்தைப் பாருங்கள். அந்தக் குறி பூச்சியை இழுக்கவா, குருவி மோதாமல் இருக்கவா என்ற வாதம் ஆய்வாளர்களிடையே ஓயவில்லை.

வலையின் ஆரை இழைகள் ஒட்டாது, சுருள் இழைதான் ஒட்டும். தத்துவெட்டி மாட்டினால் பின்னங்கால்களால் அகலமாக இழையை இழுத்துப் போட்டு, உருட்டிக் கட்டிய பிறகே கடிக்கும். வண்ணத்துப்பூச்சியோ அந்துப்பூச்சியோ என்றால் முறை தலைகீழ். செதில் உதிர்த்து வழுக்கித் தப்பிவிடும் என்பதால் முதலில் கடி, பிறகு கட்டு.

இதை நம்பி வெங்காயத்தைக் காப்பாற்றலாம் என்று சொல்லமாட்டோம். தாளுக்குள் இருக்கும் புழு வலைக்கு வராது. பறப்பதும் பாய்வதும்தான் மாட்டும். தேனீயும் மாட்டும். ஆனாலும் பாகல் பந்தலோரம் இருக்கும் சிலந்திக்கு மருந்தடிப்பது காசுக்கு வீண்.

நடைபாதையை மறித்திருந்தால் தும்புத்தடி வேண்டாம். வலையை மட்டும் கலைத்தால் பெரும்பாலும் அதே இடத்திலேயே திரும்பக் கட்டும், சிலந்தியையே இடம் மாற்றவேண்டும். அகன்ற வாய்ப் போத்தலைச் சிலந்திக்குச் சற்றுக் கீழே பிடித்து, மறுபக்கத்திலிருந்து மூடியால் மெல்லத் தள்ளுங்கள். பயந்தால் முதலில் வலையை உலுக்கும், பிறகு இழையில் தொங்கிக் கீழே விழும். போத்தல் கீழே இருக்கவேண்டியது அதனால்தான். தள்ளியுள்ள பற்றையில் விட்டுவிடலாம்.

கையில் நசுங்கினால் ஒழியக் கடிப்பது அரிது. கடித்தாலும் அந்த இடத்தில் வலியும் சிவப்பும்தான். சவர்க்காரம் போட்டுக் கழுவிக் குளிர் ஒத்தடம் கொடுங்கள். கீறவோ கட்டுப் போடவோ கூடாது. பயப்படவேண்டியது மரப்பொந்திலும் பழைய கூரை மரத்திலும் ஒளியும் மயிரடர்ந்த புலிமுகச் சிலந்திக்கு. மாங்குளத்தில் கண்டெடுக்கப்பட்டு 2012 இல் பெயரிடப்பட்ட பெரிய சிலந்தியும் அந்தக் கூட்டம்தான். அவை வட்ட வலை பின்னுவதில்லை. கடித்த பின் தசைப்பிடிப்பு, வியர்வை, மூச்சுத்திணறல் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சிலந்தி கண்ணில் பட்டால் கிட்டப் போகாமல் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.