வளாகத்தின் முதல் பரீட்சை: புதிய மாணவர் இப்போதே அறிய வேண்டிய விதிகள்

உயர்தரம் எழுதிவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு வரும் பிள்ளைகளிடம் ஒரு பழக்கம் கூடவே வருகிறது. டியூஷன், கடைசி இரண்டு மாதம் கடந்தகால வினாத்தாள், மூன்று மணி நேரம் எழுத்து, அப்புறம் பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இஸட் புள்ளி. நிலாவெளி வீதியில் கோணேசபுரியில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகமானாலும் சரி, வேறு எந்த அரச பல்கலைக்கழகமானாலும் சரி, இந்தப் பழக்கம் அங்கே கைகொடுக்காது. பரீட்சை மண்டபத்துக்குள் போகும் தகுதியையே முதல் விரிவுரையில் இருந்து சேர்க்க வேண்டும்.

அந்தத் தகுதியில் முதலாவது வரவு. பொதுவாக ஒவ்வொரு பாடத்துக்கும் 80 வீத வரவு வேண்டும். எல்லாப் பாடத்தையும் கூட்டிச் சராசரி பார்ப்பதில்லை, பாடம் பாடமாகத்தான் பார்ப்பார்கள். ஒரு கிரெடிட் என்றால் 15 மணி நேர விரிவுரை. மூன்று கிரெடிட் பாடத்துக்கு 45 மணி நேரம், அதில் 80 வீதம் 36 மணி. ஆக நீங்கள் தவறவிடக்கூடியது ஒன்பது மணி நேரம் மட்டும். கிழமைக்கு ஒரு நாள் மூன்று மணி நேரமாக அந்த வகுப்பு நடக்கிறது என்றால், மூன்று நாட்களோடு கணக்கு முடிந்துவிடும். மூதூர், வெருகல் பக்கத்துப் பிள்ளைகள் வெள்ளிக்கிழமை வகுப்பை விட்டுவிட்டு நேரத்தோடு ஊருக்குப் போவதுண்டு. கோயில் திருவிழா ஒன்று, சொந்தத்தில் கல்யாணம் ஒன்று, மார்கழி மழையில் ஒரு நாள்... அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு நாள் தவறினாலும் அந்த ஒரு பாடம் மட்டும் கையை விட்டுப் போய்விடும். பெற்றோரும் இதைத் தெரிந்து வைத்துக்கொண்டால் "ஒரு நாள்தானே, வந்துட்டுப் போ" என்று கூப்பிட மாட்டார்கள்.

வரவுப் பட்டியலில் கையெழுத்து வைத்த நாட்களை நீங்களும் ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். அரையாண்டு முடிவில் வரவு போதாதவர்களின் பட்டியல் வந்த பிறகு வாதாடுவதற்கு அந்தக் கொப்பி உதவும்.

இரண்டாவது, தொடர் மதிப்பீடு. இடைப் பரீட்சை, ஒப்படை, முன்வைப்பு எல்லாம் இதில் அடங்கும். பல பாடங்களில் மொத்தப் புள்ளியில் 30 அல்லது 40 வீதம் இதில்தான் இருக்கிறது. இறுதிப் பரீட்சை எழுத உட்காரும்போதே உங்கள் புள்ளியில் மூன்றில் ஒரு பங்களவு முடிவாகிவிட்டது என்று அர்த்தம். கணினி, வணிக முகாமைத்துவம் போன்ற கற்கைகள் ஆங்கில மொழியில் நடப்பதால், தமிழில் படித்து வந்தவர்களுக்கு இந்தச் சின்னச் சின்ன மதிப்பீடுகள் பெரிய உதவி. ஆங்கிலத்தில் விடை எழுதிப் பழக அதைவிட நல்ல இடம் கிடையாது. அந்த வாய்ப்பை விட்டுவிட்டு நேரே இறுதிப் பரீட்சையில் எழுதிப் பார்ப்பது வீண் வினை.

இனிப் பலர் கவனிக்காத விடயத்துக்கு வருகிறேன். பரீட்சை நாளில் காய்ச்சல் என்றால் என்ன செய்வது? சும்மா போகாமல் இருந்துவிட்டால், எழுதாவிட்டாலும் ஒரு தடவை தோற்றியதாகவே கணக்கு. அடுத்த தடவை எழுதும்போது நீங்கள் மீள்பரீட்சார்த்தி. எவ்வளவு நன்றாக எழுதினாலும் பொதுவாக சி தரத்துக்கு மேல் தரமாட்டார்கள்.

அதன் விலையைக் கணக்கில் பாருங்கள். ஒரு அரையாண்டில் மூன்று கிரெடிட் பாடங்கள் ஐந்து. நான்கில் பி பிளஸ், அதாவது தரப் புள்ளி 3.3. ஐந்தாவதை மீள எழுதி சி, அதாவது 2.0. சராசரி 3.04. அந்த ஐந்தாவதிலும் பி பிளஸ் எடுக்க முடிந்திருந்தால் 3.30. பட்டத்தில் இரண்டாம் வகுப்பு மேற்பிரிவுக்கு வழமையாகக் கேட்கும் எல்லை அதே 3.30தான். ஒரு நாள் காய்ச்சல் வகுப்புச் சித்தியையே ஒரு படி கீழே இறக்கிவிடலாம்.

இதைத் தடுக்க வழி இருக்கிறது. அன்றைக்கே வளாகத்தின் பரீட்சைப் பகுதிக்கோ உதவிப் பதிவாளருக்கோ அறிவியுங்கள். அப்புறம் பல்கலைக்கழக வைத்திய அதிகாரியிடமோ அரச ஆஸ்பத்திரியிலோ காட்டி மருத்துவச் சான்றிதழ் எடுங்கள். வீட்டுக்குப் பக்கத்துத் தனியார் டிஸ்பென்சரித் துண்டு பெரும்பாலும் செல்லாது. சான்றிதழைக் குறித்த நாட்களுக்குள் எழுத்தில் ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒரு பிரதியில் கையெழுத்து வாங்குங்கள். அது ஏற்கப்பட்டால், பிறகு எழுதுவது முதல் தடவையாகவே கருதப்படும், முழுத் தரமும் கிடைக்கும். சுகமில்லாமல் படுத்திருக்கும் பிள்ளைக்கு இதெல்லாம் ஓடாது. அறைத் தோழரோ வீட்டாரோதான் ஓட வேண்டும், ஆகவே அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மண்டப விதிகள் நேரானவை. 15 நிமிடம் முன்பே வாசலில் நிற்க வேண்டும். தொடங்கி அரை மணி நேரம் கடந்தால் உள்ளே விடமாட்டார்கள். அதே முதல் அரை மணி நேரத்திலும் கடைசி 15 நிமிடத்திலும் வெளியே போகவும் முடியாது. மாணவர் அடையாள அட்டையும் அனுமதி அட்டையும் கையில் இருக்க வேண்டும். விடைத்தாளில் பெயர் எழுதக் கூடாது, சுட்டெண் மட்டும். போன், ஸ்மார்ட் கைக்கடிகாரம் எதுவும் உள்ளே வேண்டாம். ஒரு துண்டுக் குறிப்பை நீங்கள் பார்க்கவே இல்லை என்றாலும், அது உங்களிடம் இருந்தாலே குற்றம். பென்சில் பெட்டி, கல்குலேட்டர் மூடி, உள்ளங்கை எல்லாவற்றையும் வாசலில் வைத்தே ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள். வெற்று விடைத்தாளை வெளியே கொண்டு போவதும் குற்றம்தான்.

சில நுணுக்கங்கள் பீடத்துக்குப் பீடம் மாறும். வணிகம் படிப்பவருக்கு உள்ள ஒழுங்கு சித்த மருத்துவம் படிப்பவருக்கு அப்படியே பொருந்தாது. சீனியர் சொன்னது அவர் சேர்ந்த ஆண்டின் மாணவர் தொகுதிக்கு உரியதாக இருக்கலாம். உங்கள் தொகுதிக்குத் தந்த மாணவர் கைநூலில் பரீட்சை ஒழுங்குவிதிப் பக்கங்களை இந்த வாரமே வாசியுங்கள், விளங்காத இடத்தைப் பரீட்சைப் பகுதியில் கேளுங்கள்.

முடிவு வந்து ஒரு பாடம் போய்விட்டது என்றால், மீள்பரீட்சை பெரும்பாலும் அடுத்த தொகுதியினர் அதே பாடத்தை எழுதும்போதுதான் வரும். உங்கள் பெயர் தானாகப் பட்டியலில் ஏறாது. அறிவித்தல் பலகையில் விண்ணப்பம் கோரும் திகதியைப் பார்த்து, முடிவுத் திகதிக்கு முன் நீங்களே நிரப்பிக் கொடுக்க வேண்டும்.