செயின்வீலை உள்ளே மாட்டுவதா, வெளியே மாட்டுவதா?

சென்ற மழைக்காலத்தில் ஒரு தம்பி முழங்கையில் கட்டோடு பட்டறைக்கு வந்தார். உருட்டிக்கொண்டு வந்தது பழைய ஸ்டீல் ஃபிரேம் ரோடு சைக்கிள். கியர் சாமான்களையெல்லாம் கழற்றிவிட்டுச் சிங்கிள் ஸ்பீடாக மாற்றியிருந்தார்கள். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

“அண்ணா, செயின் அடிக்கடி கழன்றுவிடுகிறது. இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கொடுங்கள்” என்றார்.

இறுக்கத்தில் ஒரு குறையும் இல்லை. வண்டியைக் கவிழ்த்து வைத்து, பின்சக்கரத்துக்குப் பின்னால் குந்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். பின்பல்லில் இருந்து கிளம்பிய செயின், போகப்போக வெளிப்பக்கம் ஒதுங்கிப் போய், மிதியோடு சுற்றும் முன்பல் சக்கரமான செயின்வீலில் ஏறியது. மிதியைச் சுற்றினால், பல் ஏறும் இடத்தில் ‘கர்ர்’ என்று ஓர் உரசல். அந்தச் சத்தம் எனக்குப் பழக்கமானது. மாதத்தில் இரண்டு வண்டியாவது இதே சத்தத்தோடு வருகிறது.

காரணம் அநேகமாக ஒன்றுதான். ரோடு சைக்கிளின் கிராங்கில், அதாவது மிதியைத் தாங்கும் கையில், இரண்டு செயின்வீல்கள் இருக்கும்: உள்பக்கம் சின்னது, வெளிப்பக்கம் பெரியது. மாற்றும்போது சின்னதைக் கழற்றி எறிந்துவிட்டு, பெரியதை இருந்த இடத்திலேயே விட்டுவிடுகிறார்கள். கிராங்கோடு ஒட்டி, பளிச்சென்று இருப்பது அதுதானே! பின்பல் எங்கே நிற்கிறது என்று யாரும் அளப்பதில்லை.

“கியர் இருந்தபோது இதைவிடக் கோணலாகச் செயின் ஓடியதே, அப்போது கழலவில்லையே” என்று தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. கியர் வண்டியில், செயினைப் பல்லுக்குப் பல் மாற்றிவிடும் பின் டிரெய்லியரின் ஸ்பிரிங் செயினை எப்போதும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். அதன் சின்னச் சக்கரம் செயினைப் பல்லுக்கு நேராகக் கொண்டுபோய் விடும். முன் டிரெய்லியரின் கூண்டு வேலி மாதிரி காவல் நிற்கும். செயினும் பக்கவாட்டில் வளைந்து கொடுக்கும்படி செய்யப்பட்டது. சிங்கிள் ஸ்பீடில் இந்த மூன்று காவலும் போய்விடுகின்றன. அதோடு அகலமான தடித்த செயினைப் போட்டுவிட்டால் அது வளையவும் மறுக்கும். பள்ளத்தில் ஒரு குலுங்கல் போதும், செயின் பல்லின் மேல் ஏறிக் கீழே விழும்.

அளப்பதற்கு ஓர் இரும்பு ஸ்கேல் போதும். ஃபிரேமின் நடுக்கோட்டில் இருந்து செயின் ஓடும் கோடு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான் கணக்கு. இதைத்தான் செயின்லைன் என்பார்கள். முன்பக்கம்: சீட் குழாயின் பக்கவாட்டில் இருந்து செயின்வீல் பல்லின் நடு வரை அளந்து, குழாயின் விட்டத்தில் பாதியைக் கூட்ட வேண்டும். தம்பியின் வண்டியில் குழாய் 28.6 மில்லிமீட்டர், பாதி 14.3. குழாயில் இருந்து பல் வரை 32.5. ஆக 46.8. பின்பக்கம்: ஆக்சில் உட்காரும் இரண்டு வாய்களுக்கும் இடையே உள்ள அகலத்தில் பாதியை எடுத்து, வலப்பக்க வாயின் உள்முகத்தில் இருந்து பின்பல்லின் நடு வரை உள்ள தூரத்தைக் கழிக்க வேண்டும். அது பழைய 126 மில்லிமீட்டர் ஃபிரேம். பாதி 63, பல் வரை 22, மீதி 41.

முன்னால் 46.8, பின்னால் 41. கிட்டத்தட்ட ஆறு மில்லிமீட்டர் கோணல். என் பட்டறையில் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் வண்டியை வெளியே விடமாட்டேன். பின்பல்லோடு மிதியும் சேர்ந்தே சுற்றும் ஃபிக்ஸட் வண்டியென்றால் ஒன்றுக்கு மேல் ஒப்புக்கொள்வதில்லை. என் மோவாயில் உள்ள தழும்பு அந்தக் கண்டிப்பின் காரணம். தொழிலுக்கு வந்த புதிதில் எனக்கென்று கட்டிய ஃபிக்ஸட் வண்டியில் நானும் வெளிவீலைத்தான் விட்டுவைத்தேன். அடையாறு பாலத்து இறக்கத்தில் செயின் கழன்று, பின்பல்லுக்கும் ஹப்புக்கும் நடுவே சிக்கி, சக்கரத்தை அப்படியே பூட்டிவிட்டது. மிதிக்காவிட்டாலும் சக்கரம் தானே ஓடும் ஃப்ரீவீல் வண்டியில் செயின் கழன்றால் மிதி வெறுமனே சுழன்று ஆள் தடுமாறுவார். ஃபிக்ஸடில் சக்கரமே நின்றுவிடக்கூடும்.

இங்கே ஓர் எண் பலரை ஏமாற்றுகிறது. ரோடு கிராங்கின் செயின்லைன் 43.5 மில்லிமீட்டர் என்று போட்டிருக்கும். ஃபிக்ஸட் வண்டிக்கான பின் ஹப்பை டிராக் ஹப் என்பார்கள்; அதன் செயின்லைன் 42. ‘ஒன்றரை மில்லிமீட்டர்தானே வித்தியாசம்’ என்று தைரியமாக வாங்கி மாட்டிவிடுகிறார்கள். அந்த 43.5-இல் பல்லே கிடையாது. அது இரண்டு செயின்வீல்களுக்கும் நடுவே உள்ள காலி இடம். உள்வீல் ஏறத்தாழ 40-இலும் வெளிவீல் ஏறத்தாழ 47-இலும் நிற்கும். 42-க்குப் பக்கத்தில் இருப்பது உள்வீல்தான்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது பின் ஹப்பை. மரை போட்டுத் திருகும் ஃப்ரீவீல் என்றாலும் டிராக் ஹப் என்றாலும் பல் நிற்கும் இடம் முடிவாகிவிட்டது. அதை நகர்த்த வேண்டுமென்றால் ஆக்சில் வளையங்களை மாற்றி, கம்பிகளைத் தளர்த்தி, ரிம்மை மறுபடி நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். அரைநாள் வேலை. அதைவிடச் செயின்வீலை உள்ளே மாற்றுவது பத்து நிமிடம். கியர் பற்களை வரிசையாகக் கோத்து மாட்டும் கேசட் ஹப் என்றால் கதை வேறு. பல் ஒன்று, மீதி இடமெல்லாம் ஸ்பேசர் வளையங்கள். வளையத்தை இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்று மாற்றி, பல்லைச் செயின்வீலுக்கு நேராகக் கொண்டுவந்துவிடலாம். அத்தகைய வண்டியில் வெளிவீல் வைத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் பழைய கேசட்டில் இருந்து பிரித்த பல்லை மட்டும் போடாதீர்கள். செயின் சுலபமாக இறங்கிப் போவதற்கென்றே அதன் பற்களைக் குட்டையாகவும் வெட்டுப்போட்டும் செய்திருப்பார்கள். நமக்கு வேண்டியது செயின் இறங்காத பல்.

வெளிவீலிலும் இதே சங்கடம் உண்டு. அதன் உள்முகத்தில் செயினைத் தூக்கிவிடும் சின்ன ஆணிகளும் சரிவுகளும் இருக்கும். சிங்கிள் ஸ்பீடில் அவற்றுக்கு வேலை இல்லை, உபத்திரவம் மட்டும் உண்டு. உள்வீலில் இது பெரும்பாலும் இருக்காது. பல்லும் நேராக இருக்கும்.

‘பெரிய வீலையே உள்பக்கம் மாட்டிவிட்டால்?’ என்று கேட்பவர்கள் உண்டு. 50, 52 பல் வீலை உள்ளே தள்ளினால், பின்சக்கரத்துக்குப் போகும் அடிக்குழாயில் அது இடிக்கும். இடிக்காமல் தப்பினாலும் திருகு தலை உட்காரும் பள்ளம் தப்பான முகத்தில் இருக்கும். வீலைத் திருப்பிப் போட வேண்டும். அப்போது கிராங்குக்கும் வீலுக்கும் நடுவே செயின் விழாமல் தடுக்க வைத்திருக்கும் ஆணி அடிக்குழாயைப் பார்த்து நிற்கும். அதையும் பிடுங்க வேண்டும். நான்கு கை கொண்ட புதிய கிராங்குகளில் வெளிவீலை அந்தக் கிராங்கின் வடிவத்துக்கே வார்த்திருப்பதால், உள்ளே மாட்ட வழியே இல்லை.

பெரிய வீல்தான் வேகம் தரும் என்று நினைப்பதும் சரியல்ல. முன்னால் 52 பல்லுக்குப் பின்னால் 20, முன்னால் 39-க்குப் பின்னால் 15, இரண்டையும் வகுத்துப் பாருங்கள். இரண்டும் 2.6 தான். கால் அறியும் பாரம் ஒன்றே. பல் அதிகமாக உள்ள ஜோடி சற்று மெதுவாகத் தேயும், அவ்வளவே. தம்பியின் வண்டியில் 52-க்கு 18 போட்டிருந்தார்கள். மிதியின் ஒரு முழுச் சுற்றுக்கு ஆறு மீட்டருக்கு மேல் ஓடும். கடற்காற்று முகத்தில் அடிக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அதை எழுந்து நின்றுதான் மிதித்தாக வேண்டும். கோணல் செயினை அப்படி மிதித்தால் அது எப்படித் தங்கும்?

நல்ல வேளை, கழற்றிய 42 பல் வீலை அவர் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார். அதை உள்பக்கம் மாட்டி, பின்னால் 16 பல் ஃப்ரீவீல் திருகினேன். செயினில் ஆறு கண்ணி குறைந்தது. ஆக்சில் வாய் கிடைமட்டமாக இருந்ததால் சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்தே இறுக்கம் வைத்துவிட்டேன். செங்குத்து வாய் உள்ள புதிய ஃபிரேம்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் போட்டே ஆக வேண்டும், அதன் சக்கரமும் அதே கோட்டில் நிற்க வேண்டும். மறுபடி அளந்தேன். முன்னால் 39.8, பின்னால் 41. ஒன்றே கால் மில்லிமீட்டர் கூட இல்லை. மிதியைச் சுழற்றினால் ‘கர்ர்’ போய்விட்டது. 42-க்கு 16 என்றால் நிமிடத்துக்கு 90 சுற்றில் மணிக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். மேடில்லாத நம் சென்னைக்கு அது தாராளம்.

ஒரு சின்னச் சிக்கல் மீந்தது. வெளிப்பக்கம் காலியாகிவிட்டதால் இரண்டு வீலைப் பிடித்த நீளத் திருகுகள் இறுகவில்லை. குட்டைத் திருகு வாங்க வேண்டும், இல்லையென்றால் அந்த இடத்தை எதையாவது கொண்டு நிரப்ப வேண்டும். வாஷரை அடுக்கி ஒப்பேற்றுவது எனக்குப் பிடிக்காது. கழற்றிய 52 வீலையே எடுத்து, கிரைண்டரில் பற்களை முழுக்க வழித்து, விளிம்பை அரத்தால் தேய்த்து மழமழப்பாக்கி, பழைய இடத்திலேயே மாட்டினேன். திருகுகள் அவையே பொருந்தின. செயினுக்கு வெளியே ஒரு காப்பு வளையமும் ஆயிற்று.

இரண்டு வாரம் கழித்து அந்த வண்டியில் வந்தவர் தம்பியின் அப்பா. வெள்ளை வேட்டி, கரையில் ஒரு பொட்டுக் கிரீஸ் இல்லை. காற்று அடிக்க வந்திருந்தார்.